வண்டியை விட்டு இறங்காத மதிப்பீடு

வாங்க அம்மிணி, உள்ள வாங்க. செருப்பு அங்கியே கெடக்கட்டும், யாரும் எடுத்துட்டுப் போவமாட்டாங்க. பேங்க்ல இருந்துதான வர்றீங்க? கையில டேப்பு, கழுத்துல அட்டை, பாத்ததுமே தெரிஞ்சு போச்சு. எங்கூட்டுக்காரரும் அப்பிடித்தான் கெளம்புவாரு. அவுரும் உங்க தொழில்தான், பேங்க்ல சொன்னாங்களா? இஞ்சினியர் சென்னியப்பன்னு கேட்டுப் பாருங்க. பெருந்துறையில இருந்து காங்கேயம் வரைக்கும் வூட்டுக்கு வெல போடற வேல்யூவர்னா அவுருதான்னு ஒரு காலம் இருந்துச்சு. இப்ப அவுரு வூட்டையே அளக்க ஆளு வருது. நீங்க சிரிச்சாலும் தப்பில்ல, நானே சிரிச்சுட்டேன்.

மொதல்ல ஒண்ணு சொல்லிப்போடறேன். நீங்க எல்லாத்தையும் பாக்கோணும். அவசரமே வேண்டாம். கதவத் தட்டிப் பாருங்க, தேக்கு. குனிஞ்சு தரையத் தடவிப் பாருங்க, அத்தனையும் கிரானைட்டு. சமையக்கட்டு, பூசை ரூம்பு, பின்னால தொவைக்கற கல்லு வரைக்கும் நானே கூட்டிட்டுப் போயி காட்டறேன். காப்பி குடிச்சுட்டுப் பாக்கறீங்களா, பாத்துட்டுக் குடிக்கறீங்களா? பாத்துட்டா? அதுஞ் சரிதான்.

எதுக்கு இத்தன சொல்றேன்னா, போன மாசம் ஒருத்தன் வந்தான். வேல்யூவர்னு சொல்லிக்கிட்டான். வண்டிய விட்டு எறங்கல அம்மிணி. தலையில இருந்த ஹெல்மெட்டக் கழட்டல. நா வாசக் கேட்டு வரைக்கும் போயி, தண்ணி வேணுங்களான்னு கேக்கறேன். கண்ணாடிக்குள்ள இருந்து என்னமோ மொனகுனான், எனக்கு வெளங்கல. போன எடுத்து நீட்டுனான், போட்டோப் புடிச்சான், போயிட்டான். ஒரம்பரை, சொந்தக்காரங்களுக்குப் பத்திரிக்கை வெக்க வர்றவங்ககூட வாசப்படி ஏறி ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் போவாங்க. இவன் எங்க வூட்டுக்கு வெல போட வந்தவன்.

அப்பறம் ஏல நோட்டீசு வந்துச்சு. படிச்சுப் பாத்தா, ஓட்டு வூடு, நெம்பப் பழசு, செவுரு சிதிலம்னு எழுதியிருக்குது. எங்கூட்டுல ஓடு எங்க இருக்குது, நீங்களே அண்ணாந்து பாருங்க. என்ன ஆச்சுன்னா, முனிசிபாலிட்டியில கதவு நம்பரு மாத்துனாங்கல்ல, எங்கூட்டு பழைய நம்பரு பதினாலு. எதுத்தாப்புல ஒரு ஓட்டு வூடு இருக்குது பாருங்க, ஆடு கட்டியிருக்கறாங்க, அதுக்குப் புது நம்பரு பதினாலு. அவன் போட்டோப் புடிச்சது அந்த வூட்ட. ஆட்டோட சேத்துப் புடிச்சிருக்கான். பக்கத்துல நின்ன என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தாப் போதும்.

ஒரு வூட்டுக்கு வெல போடறவன் அந்த வூட்டுக்குள்ள காலெடுத்து வெக்க வேண்டாமுங்களா? ஒரு பொம்பள வருசக்கணக்காத் தொடச்சுத் தொடச்சு வெச்ச எடம். அதப் பாக்காம எழுதற கை வெளங்குமா? வயிறு எரிஞ்சுதான் சொல்றேன். அவனும் நல்லா இருக்கட்டும், ஆனா அந்தக் கை வெளங்காது.

நா விடல. பேங்குக்கு நேராப் போனேன். மேனேஜரு, ரிப்போர்ட்டு வந்தது வந்ததுதாம்மா, விதிப்படி எல்லாஞ் சரியா இருக்குதுன்னு சொன்னாரு. அங்கியே உக்காந்துட்டேன். வேற ஆள அனுப்பறேன்னு அவுரு சொன்ன பொறவுதான் எந்திரிச்சேன். அதனாலதான் நீங்க வந்திருக்கீங்க. ஓட்டு வூட்டு வெலைக்கு ஏலம் போச்சுன்னா பேங்குக் கடனுக்கே பத்தாது, நாங்க கட்டுன துணியோட வீதியில நிக்கோணும். நீங்க உள்ளதை உள்ளபடி எழுதுனா, கடன் போக மீதியில ஒரு சின்ன வூடு ஒத்திக்காச்சும் புடிச்சுக்குவோம். எங்க கதை இப்ப உங்க பேனாவுலதான் இருக்குது.

இதான் பூசை ரூம்பு. சித்த குனிஞ்சு வாங்க. இந்தக் கதவுக்கு ஆசாரி ஒரு மாசம் ஒக்காந்து வேலை செஞ்சாரு. இந்த வூடு எங்கப்பா எனக்குக் குடுத்தது. எடத்த வாங்கி, கட்டி, சாவியக் கையில குடுத்துத்தான் கண்ணாலம் பண்ணி வெச்சாரு. வூடு எம் பேருலதான் இருக்குது. எங்கூட்டுக்காரரு அப்பவே இஞ்சினியர்தான், ஆனா இந்த வூட்ட ஒரு தடவ தட்டிப் பாத்ததில்ல. மாமனாரு குடுத்த வூட்டுல குத்தம் பாக்கறதான்னு கம்முனு இருந்துட்டாரு. தானம் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாப்பாங்களா? மரியாதை தெரிஞ்ச மனுசன்.

அப்பிடிப்பட்ட வூட்ட எதுக்கு அடமானம் வெச்சோம்னு கேப்பீங்க. பேங்க்ல உங்குளுக்கு ஒரு மாதிரி சொல்லியிருப்பாங்க. நடந்ததை எங்கிட்டயுங் கேட்டுக்குங்க. எல்லாம் நாகமணின்னு ஒருத்தியால வந்தது.

நாகமணி திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேலை செய்யறவ. அவ வூட்டுக்காரரு ரங்கநாதனும் அங்கதான், கட்டிங் மாஸ்டரு. ரெண்டு பேரும் ஓவர்டைம் பாத்துப் பாத்துச் சேத்து, பேங்க்ல கடன் போட்டு, வூடு வாங்குனாங்க. ஊருக்கு வெளியில புதுசா ஒரு லேஅவுட்டு. வரிசையா அஞ்சு வூடு. ஒரே பிளானு, ஒரே பெயிண்டு, கதவு சன்னல்கூட ஒரே மாதிரி. மொத நாலு வூட்டையும் எங்கூட்டுக்காரரு நேர்ல போயி பாத்துத்தான் எழுதிக் குடுத்தாரு. அஞ்சாவது வூடுதான் நாகமணிக்கு.

அந்த வேலை வந்த அன்னைக்கு எங்க குலசாமி கோயில்ல கெடாவெட்டு. மொத மரியாதை எங்கூட்டுக்காரருக்குத்தான். போவாம இருக்க முடியுமுங்களா? அந்நேரம் பேங்க்ல இருந்து போனு மேல போனு. பார்ட்டி அவசரப்படுது, நாளைக்கு நல்ல முகூர்த்தம், பத்திரம் முடிக்கோணும், இன்னைக்கே ரிப்போர்ட்டு வேணும்னு. வூடு கட்டுனவன் போட்டோவ அனுப்பிப்போட்டான். அவுரு கோயில்ல இருந்து என்னைப் போன்ல கூப்புட்டு, நாலாவது வூட்டு ரிப்போர்ட்டையே எடுத்துப் பண்ணிரு கலாமணின்னு சொன்னாரு. ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? நாலு சோறு பதம் பாத்தாச்சு, அஞ்சாவதையும் எடுத்து நசுக்கிப் பாக்கோணுமா?

ரிப்போர்ட்டு எல்லாம் நாந்தான் அடிக்கறது. உங்குளுக்கு யாரு அடிக்கறாங்க? நீங்களேவா? கஷ்டந்தான் போங்க. நா பழைய ரிப்போர்ட்ட எடுப்பேன், பேரை மாத்துவேன், நம்பரை மாத்துவேன், நாலு பக்கத்து எல்லைய மாத்துவேன். காப்பி ஆறறதுக்குள்ள வேலை முடிஞ்சுரும். சீலும் நானே குத்திருவேன், அவுரு கையெழுத்து மட்டுந்தான் பாக்கி. அவுரு வாயாலயே சொல்லியிருக்காரு, நீ இல்லைன்னா எனக்கு இத்தன பேங்க் வேலை ஓடாது கலாமணின்னு. அன்னைக்கும் அப்பிடித்தான், நாலை அஞ்சாக்குனேன், கோயிலுக்குக் குடுத்துவுட்டுக் கையெழுத்து வாங்கி அனுப்பிச்சேன். அதுல ஒரு கேள்வி வருமில்லீங்க, மனையில கெணறு, பள்ளம், நெரவுன மண்ணு ஏதாச்சும் இருக்குதான்னு? எல்லா ரிப்போர்ட்டுலயும் அதுக்கு இல்லைன்னுதான் இருக்கும். அது நா அடிச்சதில்ல, அதுல முந்தியே இருந்தது.

அந்த எடம் பூராவும் ஒரு காலத்துல மஞ்சள் வெளைஞ்ச காடு. காட்டுக்கு ஒரு கெணறு. நம்ம பக்கத்துக் கெணறு எப்பிடியிருக்கும்னு பாத்திருப்பீங்க, ஒரு வூட்டையே உள்ள எறக்கலாம். தண்ணி வத்திப் போயி, மனை போடறப்ப மண்ணையுங் கல்லையுங் கொட்டி மூடி, அதுக்கு மேல கட்டிப்போட்டான் அந்தப் பாவி. மொத நாலு வூடும் கெட்டி மண்ணுல நிக்குது. அஞ்சாவது கெணத்து மேல. கட்டுனவன் பண்ணுன அக்கிரமத்துக்கு நாங்க என்ன பண்ணுவோம், சொல்லுங்க.

ஐப்பசி மழை புடிச்சுக்கிச்சு. வெடியக்காலையில ரங்கநாதன் சுடுதண்ணி வெக்கச் சமையக்கட்டுக்குப் போனாராமா. தரை உள்ள போயிருச்சு. அடுப்பு, ஆளு, சிலிண்டரு, எல்லாஞ் சேந்து. சிலிண்டரு வெடிக்காததே சாமி புண்ணியம். அக்கம்பக்கத்துத் தோட்டத்துக்காரங்க கயிறு போட்டுத் தூக்குனாங்க. உசுருக்கு ஒண்ணுமில்ல, இடுப்பெலும்பு போச்சு. இப்பவும் ஒருத்தரு கைத்தாங்கலாப் புடிச்சாத்தான் எந்திரிக்கறாராமா. பாவந்தான் அம்மிணி. நா பாவமில்லைன்னு சொல்லவே இல்ல.

கட்டுனவன் போனை ஆப் பண்ணிட்டு ஊரை விட்டே போயிட்டான். அவனப் புடிக்க முடியாதவங்க எங்களப் புடிச்சாங்க. நாகமணி ஒரு நாளு இங்க வந்தா. நீங்க வந்தீங்களே, அதே கேட்டுலதான் நின்னா. உள்ள வான்னு கூப்புட்டேன், வரல. அங்க நின்னுக்கிட்டே எங்கூட்டுத் தரையவே பாத்துக்கிட்டிருந்தா. எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு, வெல போடறாளான்னுகூட நெனச்சேன். அப்பறந்தான் வாயத் தொறந்தா. சத்தம் போடல, அழுவல.

"அக்கா, எங்களுக்கு மண்ணப் பத்தி, கட்டடத்தப் பத்தி என்ன தெரியும்? பேங்க் இஞ்சினியர் பாத்துச் சரின்னுட்டாருன்னு சொன்னாங்க. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் வாங்குனோம். அவுரு ஒருக்கா வந்திருந்தாப் போதுமே. பக்கத்துத் தோட்டத்துல யாரைக் கேட்டாலும் கெணறு இருந்த எடம்னு சொல்லியிருப்பாங்களே"ன்னா.

எனக்கும் கோவம் வந்துருச்சு. வாங்கறது நீ, குடியிருக்கப் போறது நீ, நாலு பேர நீ கேட்டுப் பாத்திருக்க வேண்டாமான்னு கேட்டேன். நா கேட்டதுல என்னங்க தப்பு? அவ போயிட்டா. போயி நுகர்வோர் கோர்ட்டுல கேசு போட்டுட்டா.

கோர்ட்டுல எங்கூட்டுக்காரரக் கூண்டுல ஏத்துனாங்க. நேர்ல போயி பாத்தீங்களான்னு நாகமணியோட வக்கீலு கேட்டாரு. நம்ம வக்கீலு முந்தியே சொல்லிக் குடுத்திருந்தாரு, போட்டோ பாத்து எழுதறது வழக்கந்தான்னு சொல்லுங்கன்னு. எத்தன தடவ வூட்டுல சொல்லிப் பாத்தோம். அங்க போயி இந்த மனுசன், போகலைங்கன்னு ஒரே சொல்லாச் சொல்லிட்டு எறங்கிட்டாரு. பேங்குக்காரங்க, நாங்க வேல்யூவர நம்புனோம்னு ஒதுங்கிக்கிட்டாங்க. அவசரம் அவசரம்னு போன் போட்டவங்க அவுங்கதான். பேனல்ல, பேங்கோட வேல்யூவர் லிஸ்ட்டுல இருந்து பேரை எடுத்துட்டாங்க. தீர்ப்புல எங்க பங்குன்னு ஒரு தொகையப் போட்டாங்க. அதுக்கும் வக்கீலுக்கும் சேத்துத்தான் இந்த வூட்ட அடமானம் வெச்சோம்.

அப்ப ஒரு வேல்யூவர் வந்தாரு பாருங்க, அவுரு மனுசன். எங்கூட்டுக்காரருக்குச் சிநேகிதம். அதா, அந்தச் சோபாவுல உக்காந்தாரு. காப்பி குடிச்சாரு, முறுக்குத் தின்னாரு. ஒரு ரூம்பையும் பாக்கல, உங்க வூட்டப் போயி நா அளக்கறதான்னு சொல்லி, நாங்க நெனச்சதுக்கு மேலயே வெல போட்டுக் குடுத்தாரு. பேங்க்ல கடனும் அதுக்குத் தக்கன நெறையாக் குடுத்தாங்க. கட்டத்தான் முடியல. அதுக்கு அவுரு என்ன பண்ணுவாரு?

எல்லாம் முடிஞ்சு போச்சா? பணத்தக் கட்டியாச்சு, கேசு தீந்துபோச்சு. அப்பப் போயி எங்கூட்டுக்காரரு வண்டிய எடுத்துக்கிட்டு நாகமணி வூட்டப் பாத்துட்டு வர்றேன்னு கெளம்பறாரு. நா வழிய மறிச்சுக்கிட்டு நின்னேன். இனி எதுக்குங்க போவோணும், போயி என்னாவப் போவுதுன்னு கேட்டேன். போயிட்டாரு. பொழுதோட வந்தாரு. காலு முழங்கால் வரைக்கும் சேறு. சோறு போட்டேன், தட்டுல கைய வெச்சுக்கிட்டே உக்காந்திருந்தாரு. அந்த நாகமணி என்னமோ பண்ணிப்போட்டாள்னுதான் எனக்கு ஒரு எண்ணம். மனுசன் அன்னையில இருந்து மனுசனா இல்ல.

பேங்க் வேலை போனாலும் ஒரு தனியார் பைனான்சுக்காரங்க கூப்புட்டாங்க அம்மிணி. ஒரு சின்ன மனை, அரை மணி நேர வேலை. காலையில போனவரு இருட்டுக் கட்டி வர்றாரு. அந்த வீதியில ஒரு வூடு விடாம ஏறி எறங்கி, ஆடு மேய்க்கறவங்க வரைக்கும் கேட்டிருக்காரு, இங்க முந்தி என்ன இருந்துச்சுன்னு. அவனவன் ஒண்ணொண்ணு சொல்லியிருப்பான்ல? ரிப்போர்ட்டுல, நிலத்தின் தன்மை எனக்கு உறுதியாகத் தெரியவில்லைன்னு எழுதிக் குடுத்துட்டாரு. நானே அடிச்சேன், கை கூசுச்சு. தெரியலைன்னு எழுதறதுக்கு ஒரு வேல்யூவரான்னு அவுங்க கேட்டிருக்காங்க. அதுக்கப்பறம் யாரும் கூப்புடல. தவணை நின்னு போச்சு, வூடு ஏலத்துக்கு வந்துருச்சு. ஒரு தடவ போவாததுக்கு இத்தன தண்டனையா, சொல்லுங்க. ஊருல யாருதான் எல்லா எடத்துக்கும் போறாங்க?

சரி, எம் பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருக்கேன். ஹாலு பாத்தீங்க, சமையக்கட்டு பாத்தீங்க, பின்னால பாத்தீங்க. பொறுமையாத்தான் பாக்கறீங்க, சந்தோசம். இருங்க, இருங்க அம்மிணி, அது மாடிப்படி. மேல ஒரே ஒரு ரூம்புதான். அங்க போவ வேண்டாம். நா சொல்றேன், எழுதிக்குங்க. பதினாலுக்குப் பன்னெண்டு, ரெண்டு சன்னல், மொசைக் தரை. நல்ல நிலையில் உள்ளதுன்னு போட்டுக்குங்க. இத்தன வருசம் அடிச்சவளுக்கு என்ன எழுதோணும்னு தெரியாதா?

இல்லீங்க, அங்க ஒண்ணும் மறைக்கல. அவுரு அங்கதான் இருக்காரு. ரெண்டு வருசமா அந்த ரூம்புலதான். சோத்துக்குக்கூடக் கீழ எறங்கறதில்ல, நாந்தான் கொண்டு போயி வெக்கறேன். டேப்போட ஆளு வந்தா அவுருக்குத் தாங்காது. ஒரு காலத்துல அவுரு போன எடத்துலயெல்லாம் சேரு போட்டு உக்கார வெச்சாங்க. இப்ப அவுரு முன்னாடியே நீங்க அளந்தா எப்பிடி இருக்கும்? எம் பொண்ணு மாதிரி நெனச்சுக் கேக்கறேன், அந்த ஒரு ரூம்ப மட்டும் விட்டுருங்க. பாக்காம எழுதுனா யாருக்குத் தெரியப் போவுது?

முடியாதுங்களா?

ம்ம். சரி. நீங்களும் அப்பிடித்தான் சொல்லோணும். நாந்தான உங்களக் கேட்டு வாங்குனேன்.

ஏனுங்க. ஏனுங்க, கதவத் தொறங்க. பேங்க்ல இருந்து ஒரு அம்மிணி வந்திருக்குது. பாக்காம எழுத மாட்டாங்களாமா.

தொறந்துட்டாரு. எனக்கே ஆச்சரியமா இருக்குது. போங்க, செவுத்தப் புடிச்சு ஏறுங்க. என்னங்க? என்ன கேக்கறீங்க? சத்தமாத்தான் கேளுங்களேன்.

அக்கம்பக்கத்துல விசாரிச்சாங்களான்னு உங்களக் கேக்கறாரு அம்மிணி. இந்த வீதி பூராவும் முந்தி ஒருத்தரு தோட்டமாமா, அவுங்க மகன் கடைசி வூட்டுல இருக்காராமா, அவுரப் போயிக் கேக்கச் சொல்றாரு. எதுக்குங்க அதெல்லாம்? ஏனுங்க, நம்ம வூட்டுக்கு அடியில என்னங்க இருக்கப்போவுது? எங்கப்பா கட்டுன வூடு. எங்கப்பாவுக்குத் தெரியாதா? இப்பப் போயி அந்தம்மிணி மனசுல எதையாச்சும் போட்டு, இருக்கற வெலையையும் கெடுக்காதீங்க.

ஏனுங்க, நீங்க கேட்டீங்களா அவுர? கேக்கலியா? இந்த ரெண்டு வருசத்துல, கடைசி வூட்டுல இருக்கற மனுசன ஒருக்காப் போயிக் கேக்கறதுக்கென்ன?

பயமா இருந்துச்சாமா அம்மிணி. கேக்கப் பயமா இருந்துச்சாமா.

அதுக்காகத்தான் மேலயே இருக்கீங்களா?

எறங்கி வாங்க அம்மிணி. மேல அப்பறம் பாத்துக்கலாம். அதா தெரியுது பாருங்க, வேப்பமரத்துக்கு அக்கட்டால பச்சக் கலரு வூடு, அதுதான். போயிக் கேட்டுட்டு வாங்க. ரிப்போர்ட்டு எழுதறதப் பொறவு எழுதிக்குங்க, வெல என்ன வருதோ வரட்டும். ஆனா கேட்டுட்டு அப்பிடியே பேங்குக்குப் போயிராதீங்க. என்ன சொன்னாங்கன்னு எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. நா கீழதான் படுத்துத் தூங்கறேன்.